வட அயர்லாந்தில் அதிகாரப் பகிர்வு: முடக்கமும் மீட்பும்

முன்னுரை

வட அயர்லாந்தில், ஐக்கிய இராச்சியத்துடன் இணைந்திருக்க விரும்பும் ஒன்றியவாதிகளும் அயர்லாந்துக் குடியரசுடன் சேர விரும்பும் தேசியவாதிகளும் கூடியே ஆள வேண்டும் என 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கை வகுத்தது. அதன்வழி அமைந்த சட்டப்பேரவை பலமுறை முடங்கி மீண்டுள்ளது. அம்முடக்கங்கள் இரு வகைப்பட்டன என்பதையும், வகைக்கேற்ப மீட்கும் வழியும் மாறியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அரசாணையால் நேர்ந்த முடக்கம்

பேரவையை இடைநிறுத்தும் அதிகாரத்தை 2000ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய அரசுக்கு அளித்தது. அவ்வாறு 2002 அக்டோபரில் இடைநிறுத்தப்பட்ட ஆட்சி, 2006ஆம் ஆண்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் உடன்படிக்கையை அடுத்து, 2007 மே 8 அன்று மீண்டது. எதிரெதிர் அணியினரான இயன் பெய்ஸ்லி முதலமைச்சராகவும் மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதலமைச்சராகவும் பொறுப்பேற்றனர். இடைநிறுத்தும் அதிகாரமும் அத்துடன் நீக்கப்பட்டது.

கட்சியால் நேர்ந்த முடக்கம்

இவ்விரு பதவிகளும் சம அதிகாரம் உடையவை. ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழப்பார். ஒரு தரப்பு மற்றதை ஒதுக்கி ஆளாதவாறு காக்கும் இவ்விதியே ஆட்சியைக் கவிழ்க்கும் கருவியும் ஆயிற்று. 2017 ஜனவரியில் வெப்ப ஆற்றல் மானியத் திட்ட முறைகேட்டுச் சர்ச்சையில் மெக்கின்னஸ் விலகினார். ஆட்சி மீள மூன்றாண்டுகள் ஆயின. 2022 பிப்ரவரியில், பிரெக்சிட்டுக்குப் பிந்தைய வணிக ஏற்பாட்டை எதிர்த்து ஜனநாயக ஒன்றியக் கட்சியின் பால் கிவன் விலகினார். மே மாதத் தேர்தலுக்குப் பின், இரு தரப்பின் ஆதரவும் தேவைப்படும் பேரவைத் தலைவர் தேர்வுக்கும் அக்கட்சி இசையவில்லை.

திரும்பப் பெறுதற்கு ஆணை ஏதும் இல்லாமையால், விலகிய கட்சியை இணங்கச் செய்வதே எஞ்சிய வழியாயிற்று. அமைச்சர்கள் இன்றி அதிகாரிகளே துறைகளை நடத்தினர். ஊதிய உயர்வு தடைப்பட்ட அரசு ஊழியர்கள் 2024 ஜனவரியில் பெருவேலைநிறுத்தம் செய்தனர். வணிக உறுதிமொழிகளும் 330 கோடி பவுண்டு நிதித் தொகுப்பும் உடன்பாட்டுக்கு வழிவகுத்தன. 2024 பிப்ரவரி 3 அன்று ஷின் ஃபெயின் கட்சியின் மிஷெல் ஓநீல், தேசியவாதத் தரப்பின் முதல் முதலமைச்சரானார்.

முடிவுரை

ஒவ்வொரு மீட்பும் அவ்வப்போதைய பூசலைத் தீர்த்ததே அன்றி, பூசலை முடக்கமாக மாற்றும் விதியைத் தொடவில்லை. 2022 தேர்தலில் வென்ற 90 உறுப்பினருள் 18 பேர் இரு தரப்பையும் சாராதவர். இரு தரப்புப் பெரும்பான்மை கோரும் வாக்கெடுப்புகளில் அவர்தம் வாக்குக்கு மற்றவர் வாக்கின் வலிமை இல்லை. கூடி ஆளும் கட்டாயத்தைக் காத்துக்கொண்டே ஒரு கட்சியின் விலகலால் ஆட்சி கவிழாதவாறு விதியைத் திருத்துவதே எஞ்சியுள்ள பணியாகும்.