காப்பவர் குறையைக் கேட்பவர் யார்?



நீலகிரியில் வாழும் நமக்குத் தொழிற்சங்கம் புதிதன்று. கூலி, குடியிருப்பு, மருத்துவ வசதி ஆகியவை குறித்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிர்வாகத்தாரிடம் வாதாடுவதையும், பேச்சு முறிந்தால் வேலை நிறுத்தம் செய்வதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியர்க்கும் சங்கம் உண்டு. பணியில் இருந்த காலத்தில் அதன் கூட்டங்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். ஆனால் என்னிடம் பயின்ற மாணவர்களுட் சிலர் காவலராயினர். சிலர் தீயணைப்புப் படையிற் சேர்ந்தனர். இவர்கள் தம் குறையை யாரிடம், எவ்வழியில் எடுத்துரைப்பது? இதனையே இன்று விளக்க விழைகின்றேன்.

முதலில் இவர்கள் பணியின் தன்மையை நோக்குவோம். தோட்டத்தில் ஒருநாள் கொழுந்து பறிக்காவிட்டால் இலை முற்றிவிடும். நட்டம் பணத்தளவில் நிற்கும். காவலும் தீயணைப்பும் ஒருநாள் நின்றால் நட்டம் உயிரளவில் ஆகும். 2009 நவம்பரில் பெருமழையால் நம் மலைச்சரிவுகள் சரிந்து பலர் மாண்டபோதும், 2021 டிசம்பர் 8-ஆம் நாள் குன்னூருக்கு அருகில் நஞ்சப்பசத்திரத்தில் இராணுவ ஹெலிகாப்டர் வீழ்ந்தபோதும், 2024 மார்ச்சில் குன்னூர்க் காடு பல நாள் எரிந்தபோதும், இவர்கள் நேரம் பார்க்கவில்லை. மே மாதத்தில் மலர்க்காட்சி காண மக்கள் உதகைக்குத் திரண்டு வரும்போது நமக்கு விடுமுறை. காவலருக்கோ பணி இரட்டிக்கும். ஆகவே, இவர்கள் வேலை நிறுத்தம் செய்யலாகாது என்று உலகில் பல அரசுகள் கருதுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இச்சிக்கல் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தது. 1918-ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டு ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு அமெரிக்காவில் தீயணைப்போரின் சர்வதேசச் சங்கம் உருவாயிற்று. ஆகஸ்டு இறுதியில் இலண்டன் நகரக் காவலர் ஆயிரக்கணக்கில் பணியை நிறுத்தினர். போர்க்காலத்தில் விலைவாசி ஏறியும் ஊதியம் ஏறாமையே முதற்காரணம். அரசு பணிந்து ஊதியத்தை உயர்த்தியது. ஆனால் மறு ஆண்டு நடந்த வேலை நிறுத்தங்கள் வேறு முடிவு கண்டன. லிவர்ப்பூல் நகரில் கொள்ளையும் கலவரமும் மூண்டன. பணி நிறுத்திய காவலர் வேலை இழந்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் 1919 செப்டம்பரில் அவ்வாறே நிகழ்ந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட காவலர் பணியிழந்தனர்.

இங்கிலாந்து இதிலிருந்து ஒரு பாடம் கற்றது. டெஸ்பரோ குழு காவலரின் நிலையை ஆராய்ந்து, நல்ல ஊதியம் தரவேண்டுமென்று கூறியது. 1919-ஆம் ஆண்டுக் காவலர் சட்டம், தொழிற்சங்கத்தில் சேர்வதைத் தடுத்தது. அதே கையால் காவலர் கூட்டமைப்பு ஒன்றையும் நிறுவியது. காவலர் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். அப்பிரதிநிதிகள் ஊதியம், பணிநிலை பற்றி அரசிடம் முறையாகப் பேசலாம். ஒரு கதவை அடைத்தவர்கள் மற்றொரு கதவைத் திறந்து வைத்தனர். தீயணைப்போர்க்கு அங்கு வேலை நிறுத்த உரிமை மறுக்கப்படவில்லை. 1977 நவம்பரில் அவர்கள் தொடங்கிய நிறுத்தம் ஏறக்குறைய ஒன்பது வாரம் நீடித்தது; இராணுவத்தார் வண்டிகளை ஓட்டித் தீயணைத்தனர். இறுதியில், பிற தொழிலாளரின் வருவாயோடு இணைத்துத் தீயணைப்போர் ஊதியத்தைக் கணக்கிடும் முறை பிறந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் விதி குடிமக்களுக்கு வழங்குகிறது. ஆனால் படையினர்க்கும், பொது அமைதியைக் காப்போர்க்கும் அவ்வுரிமையைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு 33-ஆம் விதி அதிகாரம் தருகிறது. அதன்படி 1966-இல் காவற்படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. உரிய அனுமதியின்றிக் காவலர் தொழிற்சங்கத்திலோ அரசியற் சங்கத்திலோ சேரலாகாது. பத்திரிகைக்குச் செய்தி தருவதற்கும் கட்டுப்பாடு உண்டு. மீறினால் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். டெல்லிக் காவலர் சங்கத்தார் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986-இல் இக்கட்டுப்பாடுகளை ஏற்றது.

அனுமதி பெற்று அமையும் சங்கத்தை இச்சட்டம் முற்றிலும் விலக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் கீழ்நிலைக் காவலரின் சங்கம் அரசின் ஏற்புடன் இயங்கி, மாநாடு கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுகிறது. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கும் சங்கம் உண்டு. தீயணைப்போரோ பிற அரசு ஊழியர்க்குரிய நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர். தமிழக அரசு ஊழியரின் 2003-ஆம் ஆண்டு வேலை நிறுத்தத்தையொட்டி, நிறுத்தம் செய்வது அடிப்படை உரிமையாகாது என்று உச்சநீதிமன்றம் கூறியதும் இங்கு நினைக்கத்தக்கது.

தமிழகக் காவலர்க்கு இதுவரை பெரிதும் துணை நின்றவை ஆணையங்களும் நீதிமன்றங்களும் ஆகும். 1969-இல் ஆர்.ஏ. கோபாலசாமி தலைமையிலும், 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையிலும் ஆணையங்கள் அமைந்தன. காவலர்க்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற ஆணை 2021-இல் பிறந்தது. இவை பாராட்டத்தக்கவை. எனினும் ஆணையம் அறிக்கை தந்து கலைந்துவிடும். ஓய்வு ஆணை கூடலூர் எல்லையிலுள்ள சோதனைச் சாவடி வரை சென்று சேர்ந்ததா என்று மாதந்தோறும் கேட்பவர் யார்? அதனைக் கேட்பதே சங்கத்தின் தொழில்.

நல்ல சங்கம் செய்வன நான்கு என்பேன். உறுப்பினரின் பணிநேரம், வீடு, கருவி ஆகியவற்றின் குறைகளைக் கணக்கெடுத்தல். அவற்றை ஆதாரத்துடன் அரசின் முன் வைத்தல். உடன்பாடு காணாவிடில் நடுவர் தீர்ப்பை நாடுதல். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்க்கு நேர்மையான விசாரணை கிடைக்கத் துணை நிற்றல். நான்காவதில் எச்சரிக்கை வேண்டும். குற்றம் புரிந்த காவலரையும் சங்கங்கள் பாதுகாக்கின்றன என்னும் குறை அமெரிக்காவில் வலுவாக எழுந்துள்ளது. விசாரணை நேர்மையாக நடக்க வேண்டுமென்று கேட்பது சங்கத்தின் கடமை. விசாரணையே வேண்டா என்று தடுப்பது மக்களுக்கு இழைக்கும் தீங்கு.

காவலர்க்குச் சங்கம் தந்தால் கட்டுப்பாடு குலையும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வீணன்று. ஆனால் வகுப்பறையில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. கைதூக்கிக் கேட்க இடமுள்ள வகுப்பில் கூச்சல் குறைவு. வாய் மூடியிருக்கச் செய்த வகுப்பில், ஆசிரியர் முதுகு திரும்பியவுடன் இரைச்சல் எழும். 1973-இல் உத்தரப்பிரதேச ஆயுதக் காவற்படையிலும், 1979-இல் வேறு சில மாநிலக் காவலரிடையிலும் எழுந்த கிளர்ச்சிகள் இதற்குச் சான்று. 1977-இல் அமைந்த தேசியக் காவல் ஆணையமும், 1979-இல் வெளிவந்த தன் முதல் அறிக்கையிலேயே காவலரின் ஊதியம், குடியிருப்பு, குறைதீர்ப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டது.

வேலை நிறுத்தம் என்னும் கருவியை ஒருவரிடமிருந்து நாம் வாங்கி வைத்துக்கொண்டால், அதற்கு ஈடாக ஒன்றைத் தரக் கடமைப்படுகிறோம். அந்த ஈடு, தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும், குறித்த நாளில் கூடும் மன்றமும், காலவரையறைக்குள் விடையும் ஆகும். அக்கடனை அரசு தீர்க்க வேண்டுமாயின், அதனைக் கேட்கும் குரல் காவலரிடமிருந்து எழ இயலாது. சட்டம் அவர்கள் வாயைக் கட்டியுள்ளது. காக்கப்படுகின்ற நாம்தாம் கேட்க வேண்டும்.