வயதானவர்களின் மனச்சோர்வு: மாற்றத்தைக் கவனிப்போம்

முதியோர் இல்லத்திற்குச் செல்லும்போது, சாப்பாட்டைத் தள்ளி வைக்கும் தாத்தாவையும், யாரோடும் பேசாத பாட்டியையும் பார்த்து, 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் மனச்சோர்வு ஒரு நோய். சிகிச்சையால் அதைக் குறைக்க முடியும். அதற்கு முதலில் அதைக் கண்டறிய வேண்டும்.

அமெரிக்காவில் மெடிக்கேர், மெடிக்கெய்டு என்னும் அரசுத் திட்டங்களின் அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு இல்லங்களில், 2010ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இதற்கென ஒரு நடைமுறை இருந்து வருகிறது. ஒருவர் இல்லத்தில் சேரும்போதும், பின்னர் குறைந்தது மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் அவரது மனநிலையைக் கேட்டறிகிறார்கள். ஆர்வம், வருத்தம், தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனக்குறைவு, அசைவில் மந்தம் அல்லது பதற்றம், சாவைப் பற்றிய நினைவு என 9 கேள்விகள் உள்ளன. கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள்கள் அப்படி இருந்தது என்பதைப் பொறுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. 2023 அக்டோபர் முதல், முதல் இரண்டு கேள்விகளில் அறிகுறி தெரிந்தால்தான் மற்றவை கேட்கப்படுகின்றன. பதில் சொல்ல இயலாதவர்களைப் பற்றி, அவர்களை நன்கு அறிந்த பணியாளர்களிடம் கேட்கிறார்கள்.

ஏன் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும்? எடுத்துக்காட்டாக, சனவரியில் 5 மதிப்பெண் பெற்றவர் ஏப்ரலில் 12 பெற்றால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது. தீராத வலியோ, புதிய மருந்தோ, அறைத்தோழரின் மறைவோ காரணமாக இருக்கலாம். சிகிச்சை பலன் தருகிறதா என்பதும் இப்படித்தான் தெரியவரும். மதிப்பெண் மட்டுமே நோயை உறுதி செய்யாது. அது மருத்துவரின் பணி.

இந்தக் கேள்வித்தாள் நம் கையில் இல்லாவிட்டாலும், முதியோரைச் சந்திக்கும் நாம் மாற்றங்களைக் கவனிக்கலாம். போன மாதம் சிரித்துப் பேசியவர் இன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா? 'ஆண்டவர் என்னை எப்போது கூப்பிடுவாரோ' என்பதை அடிக்கடி சொல்கிறாரா? அது விசுவாசத்தின் வார்த்தையாக இருக்கலாம். வாழ்வே வேண்டாம் என்ற வேதனையாகவும் இருக்கலாம். அருகில் அமர்ந்து கேட்போம். வேதனை என்று தெரிந்தால் காத்திருக்காமல், அன்றே செவிலியரிடம் சொல்வோம். 'செபியுங்கள், சரியாகிவிடும்' என்று கூறிவிட்டு வந்துவிடக் கூடாது. அவருக்காகச் செபிப்போம், சிகிச்சை கிடைக்கவும் உதவுவோம். அடுத்த மாதமும் மறவாமல் சென்று பார்ப்போம்.