இருட்டிலும் திசை தவறாத வேர்

தை மாதம் காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி முற்றி நிற்கும்போதே வயலில் உளுந்து தெளிப்பது வழக்கம். ஒரு விதை குப்புற விழும். ஒன்று மல்லாந்து கிடக்கும். எப்படிக் கிடந்தாலும் முளைவேர் வளைந்து மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது. அதற்கு வழி காட்டுவது எது?

வேர் நுனியில் மாவு மணிகள்

வேர் நுனியில் தொப்பி போன்ற உறை உண்டு. அதன் நடுவிலுள்ள உயிரணுக்களில் கனமான மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. பூமியின் ஈர்ப்பினால் இவை அடியில் படிகின்றன. வேர் சாய்ந்தால் மணிகள் இடம் மாறும். உடனே 'ஆக்சின்' என்ற வளர்ச்சிப் பொருள் வேரின் கீழ்ப்புறத்தில் அதிகம் சேரும். வேரில் ஆக்சின் மிகுந்த பக்கம் வளர்ச்சி குறையும். மேல்புறம் மட்டும் நீளுவதால் வேர் கீழே வளைகிறது.

1806இல் தாமஸ் நைட் என்ற ஆங்கிலேயர், நீரால் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்க வைத்தார். கவண்கல்லை வெளியே இழுக்கும் அதே விசையைப் பின்பற்றி வேர்கள் வெளிப்பக்கமும், தண்டுகள் அச்சை நோக்கியும் வளர்ந்தன.

வேருக்கும் கடிகாரம்

ஈர்ப்பு இரவு பகல் என்று மாறாது. ஆனால் வேரின் வளர்ச்சி நாள் முழுதும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. மாலையில் மூடிக் காலையில் விரியும் புளிய இலையைப்போல, வேரிலும் ஒரு நாள் கணக்கு ஓடுகிறது. வெளிச்சம் எட்டாத வேருக்குப் பொழுதைச் சொல்வது யார்? கடுகினச் செடி ஒன்றில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, தண்டும் இலையும் அனுப்பும் சேதியே வேரின் கடிகாரத்தை நடத்துகிறது என்று காட்டியது. திசையை ஈர்ப்பு சொல்ல, நேரத்தை இலை சொல்கிறது.

கவனிக்க வேண்டியவை

நெல் தரிசு உளுந்துக்குப் பாசனம் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியுமே ஆதாரம். ஈரம் கீழிறங்கும் முன் வேர் இறங்கியாக வேண்டும். நுனி கருகினால் திசையறியும் உறுப்பே போய்விடும்.

ஆகவே அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். நீர் தேங்கினால் விதை அழுகும்; வடித்துவிடுவது அவசியம். இயந்திர அறுவடையானால் முளை நசுங்காதபடி அறுவடையை ஒட்டித் தெளிப்பது நல்லது. தெளித்த மூன்றாம் நாள் சில விதைகளை எடுத்துப் பார்த்தால், வேர் இறங்கிவிட்டதா என்பது தெரிந்துவிடும்.