காற்பந்துக் குழுவை நடத்துபவர்

காற்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசும்போது கோல் போட்டவரைப் புகழ்கிறோம். தோற்றுவிட்டால் பயிற்றுவிப்பாளரைக் குறை சொல்கிறோம். ஆட்டம் நடைபெறுவதற்கே வழி செய்த ஒருவரை மட்டும் நாம் நினைப்பதில்லை. அவர்தாம் குழுவின் நிர்வாகி. விளையாட்டில் தீராத ஆசை உண்டு, ஆனால் ஆட்டக்காரராகும் அளவுக்குத் திறமை வாய்க்கவில்லை என்று வருந்தும் இளைஞர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு இத்துறையில் இடம் உண்டா? உண்டு என்றால் அதற்கு வழி யாது? இவற்றை இப்போது காண்போம்.

நம் தோ பாயோவையே எடுத்துக்கொள்வோம். 1974ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தோ பாயோ விளையாட்டரங்கம், பாலஸ்டியர் கால்சா குழுவுக்குப் பல ஆண்டுகள் சொந்தத் திடலாக விளங்கியது. 1996இல் எஸ் லீக் தொடங்கியபோது இடம்பெற்ற எட்டுக் குழுக்களுள் பாலஸ்டியர் சென்ட்ரலும் ஒன்று. பின்னர் அது, சீக்கியச் சமூகத்தாரின் ஆதரவு பெற்ற கிளமெண்டி கால்சாவுடன் இணைந்தது. 2003ஆம் ஆண்டுப் போட்டிகளிலிருந்து பாலஸ்டியர் கால்சா என்ற பெயரில் ஆடத் தொடங்கியது. இரு குழுக்கள் ஒன்றானால் இரண்டு கணக்குகளும் இரண்டு செயற்குழுக்களும் ஒன்றாக வேண்டும். இரு சாரார் மனமும் ஒன்றாக வேண்டும். பந்தை உதைப்பவரால் முடிகிற வேலையா இது? நிர்வாகியின் வேலை.

நிர்வாகிகள் இரு வகையினர் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வகையினர் தலைவர், செயலாளர், பொருளாளர் போன்ற பொறுப்பாளர்கள். இவர்களுட் பலர் வேறு தொழிலில் சம்பாதித்துக்கொண்டு, குழுவுக்கு நேரத்தைக் கொடையாகத் தருகிறவர்கள். 1970களின் பிற்பகுதியில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்த என். கணேசன் தொழிலால் வழக்கறிஞர். அவர் காலத்தில்தான், 1977இல், சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்றது. பாலஸ்டியர் கால்சாவின் தலைவராக நெடுங்காலம் இருந்த எஸ். தவனேசனை இன்னோர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அவர் தலைமையில் 2013இல் லீக் கிண்ணமும் 2014இல் சிங்கப்பூர்க் கிண்ணமும் அக்குழுவுக்குக் கிடைத்தன.

மற்றொரு வகையினர் சம்பளம் பெற்று வேலை செய்யும் அலுவலர்கள். பொது மேலாளர், நிதி அலுவலர், செய்தித் தொடர்பு அலுவலர் ஆகியோர் இதில் அடங்குவர். ஆட்டக்காரர் ஒப்பந்தம், வெளிநாட்டு ஆட்டக்காரரின் வேலை அனுமதி, திடல் வாடகை, காப்புறுதி, பாதுகாப்பு, மருத்துவ ஏற்பாடு, விளம்பரதாரர் என்று எல்லாம் இவர்கள் மேசைக்கு வருகின்றன. ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் உரிம விதிகளும் இத்தகைய பொறுப்புகளுக்குத் தகுதியான ஆட்கள் வேண்டும் என்கின்றன.

எல்லாவற்றிலும் கடினமானது பணம். நுழைவுச்சீட்டு விற்று வரும் பணம் ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் போதாது. சங்கத்தின் மானியமும் விளம்பரதாரரின் ஆதரவுமே துணை. சில குழுக்கள் தங்கள் மன்றங்களில் வைத்திருந்த ஜாக்பாட் சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்தை நம்பியிருந்தன. 2017இல் அரசாங்கம் அவற்றுக்கான விதிகளை இறுக்கப் போவதாக அறிவித்தது. ஒரே தூணில் கூரையைத் தாங்க வைத்தால் என்ன ஆகும் என்பது அப்போது தெரிந்தது. மறுபுறம், பீஷானில் ஆடிவந்த ஹோம் யுனைடெட் 2020இல் தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறி, லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. அத்தகைய குழுவை நடத்துவதற்கு வணிக நிர்வாகம் படித்தவர்களின் தேவை கூடுகிறது.

சரி, இந்த வேலைக்கு எப்படிப் போவது? முதற்படி மிகச் சிறியது. பள்ளிக் குழுவிலோ வட்டாரக் குழுவிலோ தொண்டராகச் சேரலாம். சீருடைகளை எண்ணி வைப்பது, ஆட்டக்காரர் பெயர்ப் பதிவுத் தாளைப் பிழையின்றி நிரப்புவது, செலவு செய்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வைத்திருப்பது ஆகியவையே தொடக்கப் பாடங்கள். அடுத்த படி குழு மேலாளர்; அதற்கும் மேலே பொது மேலாளர், தலைமை நிர்வாகி. கணக்கியல், சட்டம், விளையாட்டு நிர்வாகம் ஆகியவற்றுள் ஒன்றைப் பயின்றிருந்தால் இந்தப் படிகளில் ஏறுவது எளிதாகும். ஃபீஃபாவின் ஆதரவுடன் 2000ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் நடைபெறும் முதுகலைப் படிப்பும் இருக்கிறது.

ஆயினும் சிங்கப்பூரில் குழுக்கள் சிலவே, வேலைகளும் சிலவே. ஒரு குழு போட்டியிலிருந்து விலகினால் அலுவலரின் வேலையும் போய்விடும். ஆதலால் எங்கும் கைகொடுக்கும் தொழிற்கல்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இத்துறையில் இறங்குவது நலம். பந்தாட்டத்தின் மீதுள்ள பற்று ஒருவரைக் குழுவின் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே அவரை நிலைநிறுத்துவது கணக்கில் நேர்மையும் சொன்ன நாளில் சம்பளம் கொடுக்கும் ஒழுங்குமே ஆகும்.