எண்களுக்கு ஏன் ஓய்வு?

திண்டுக்கல் திடல்களில் மாலை வேளைகளில் மட்டை பிடிக்கும் சிறுவர்களின் முதுகில் தோனியின் 7-ஆம் எண்ணைக் காணலாம். இந்திய அணியிலோ அதனை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்பது வாரியத்தின் முடிவு. டெண்டுல்கரின் 10-ஆம் எண்ணுக்கும் அதே நிலைதான். 2017-இல் 10-ஐ அணிந்த ஷர்துல் தாக்கூர், ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பின் 54-க்கு மாறினார்.

அர்ஜென்டினாவும் மாரடோனாவின் 10-ஆம் எண்ணுக்கு ஓய்வளிக்க விரும்பியது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தில் 1 முதல் 23 வரை அனைத்து எண்களையும் வழங்கியாக வேண்டும் என்ற விதி அதனைத் தடுத்தது. அந்த எண்ணை அணிந்தே மெஸ்ஸி 2022-இல் கோப்பையை வென்றார்.

பெட்டியில் பூட்டிய பணம் பெருகுவதில்லை. எண்ணின் பெருமையும் அவ்வாறே. நாளை இந்திய அணிக்குத் தேர்வாகும் நம்மூர்ச் சிறுவனுக்கு, 7-ஐக் கேட்கும் உரிமையேனும் இருக்க வேண்டும்.