வசனத்தின் பின்னே நின்றவர்



தங்கள் இல்லத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, எவரும் பதறி எழுந்து ஒலியைக் குறைக்காமல், இறுதிவரை பார்த்துச் சிரித்தது எப்போது என்று சற்று எண்ணிப் பாருங்கள். விடை உடனே வரவில்லையெனில் வியப்பில்லை. நகைச்சுவை என்ற பெயரில் இன்று வீட்டுக்குள் வருவனவற்றுள் பாதி, அடுத்தவருடைய நிறத்தையும் உடம்பையும் பழிப்பவை. மீதியில் பெரும்பகுதி, பெற்ற மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நம்மைத் தலைகுனிய வைப்பவை. இந்த இரண்டும் இல்லாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் எழுதியும் நடித்தும் காட்டினார். கிரேஸி மோகன் என்னும் அந்த மனிதரைப் பற்றியே இந்தக் கட்டுரை.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் சாலையைத் தங்களுள் சிலர் அறிந்திருக்கக்கூடும். அம்மலையின் அடிவாரத்து ஊர்களில் தொலைக்காட்சி எட்டிப் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே நகைச்சுவை நடிகர் ஒருவர் இருந்தார். அவர்தாம் தெருக்கூத்தின் கட்டியக்காரர். அரசன் வருகையை அறிவிப்பவரும் அவரே; அதே அரசனைக் கிண்டல் செய்பவரும் அவரே. அவருக்கு எழுதிக் கொடுப்பார் யாருமில்லை. அன்றைக்கு அந்த ஊரில் என்ன பேச்சோ அதையே எடுத்து, அந்த இரவே வசனமாக்கிப் பேசுவார். விடிந்ததும் அது காற்றோடு போய்விடும். எழுத்தாளரும் நடிகருமாக ஒரே உடம்பில் இருந்த அந்த மனிதருக்கு எந்த அட்டையிலும் பெயர் அச்சானதில்லை. எனக்குக் கிரேஸி மோகனை நினைக்கும்போதெல்லாம் கட்டியக்காரரும் கூடவே நினைவுக்கு வருகிறார்.

மோகன் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிறந்தவர். சென்னையில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தார். அங்கே மாணவராக இருந்தபோது, 1972இல், கல்லூரிகளுக்கிடையிலான ஒரு போட்டிக்காக வங்கிக் கொள்ளை பற்றிச் சிறு நகைச்சுவை நாடகம் ஒன்றை எழுதி நடித்தார். பரிசளிக்க வந்திருந்தவர் இளம் நடிகர் கமல்ஹாசன். பிற்காலத்தில் தமிழ்த் திரையின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களைச் சேர்ந்து படைத்த இருவர் முதன்முதலில் கண்டுகொண்டது இப்படித்தான்.

1976இல் எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்ற முழுநீள நாடகத்தை எழுதினார். அந்த நாடகத்தின் முதற்சொல்லே அவருடைய பெயருக்கு முன்னொட்டாக நிலைத்துவிட்டது. 1979இல் தம்பி பாலாஜியுடனும் நண்பர்களுடனும் ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். பகலில் பொறியாளர் வேலை, மாலையில் ஒத்திகை. ஒரு கட்டத்தில் இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டியதாயிற்று. அவர் விட்டது மாதச் சம்பளத்தை.

இந்த இடத்தைப் பெற்றோராகிய நாம் அவ்வளவு எளிதாகக் கடந்துவிடக் கூடாது. பொறியியல் பட்டம் பெற்ற மகன் நிலையான வேலையை விட்டுவிட்டு, ‘சிரிப்பு எழுதப் போகிறேன்’ என்று வந்து நின்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? என் மாமன் மகன் ஒருவன் பள்ளி ஆண்டு விழாவுக்கு எழுதிய சிறு நாடகத்தைக் கண்டு ஊரே சிரித்தது. மறுநாள் என் மாமா கேட்டது ஒரே கேள்வி: “இது சோறு போடுமா?” அவன் இன்று கள்ளக்குறிச்சியில் இரும்புக்கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். மாமாவின் கேள்வியில் தவறில்லை. ஆயினும் அவன் கல்லாவில் உட்கார்ந்தபடி வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சைக் கேட்கும்போது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும்.

மோகனுக்கு அந்தத் துணிவு சோறு போட்டது. அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை இயக்குநர் கே. பாலசந்தர் 1983இல் ‘பொய்க்கால் குதிரை’ என்ற படமாக்கினார். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’. 1990இல் கமல்ஹாசன் நான்கு வேடமேற்ற ‘மைக்கேல் மதன காமராஜன்’. அதன்பின் ஏறத்தாழ நாற்பது படங்கள், முப்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள், தொலைக்காட்சித் தொடர்கள் எனப் பேனா ஓயவில்லை.

அவருடைய நகைச்சுவை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சொல்லுக்குள். ஒருவர் ஒரு பொருளில் சொல்ல, மற்றவர் வேறு பொருளில் வாங்கிக்கொள்ள, அந்தத் தவறான பொருளையே மூன்றாமவர் பிடித்துக்கொண்டு ஓட, பேச்சு எங்கோ தொடங்கி எங்கோ போய் நிற்கும். “கடனை அடைக்க முடியவில்லை, ஆகவே கடையை அடைத்துவிட்டேன்” என்று ஒரு வியாபாரி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். (இது அவருடையதன்று, என் கைச்சரக்கு, சிரிப்பு வராவிட்டால் பழி என்னையே சேரும்.) இப்படி ஒன்றைச் செய்வது எளிது. நிமிடத்துக்கு ஐந்தாக, இரண்டு மணி நேரம், கதையும் நகரும்படிச் செய்வதுதான் அரிது.

தமிழில் இது புதிய வித்தையன்று. சிலேடைக்குக் காளமேகம் இருக்கிறார். நம் சமுதாயத்திலேயே சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் இல்லையா? ‘துருக்கன்’ என்று தொடங்கும் ஈற்றடியைக் கொடுத்து அவரைத் திணறவைக்கப் பார்த்தவர்கள் முன்னிலையில், இராமனின் தம்பி சத்துருக்கனனின் பெயரை இரண்டாகப் பிளந்து, ‘சத்’ என்பதை முன்னடியின் கடைசியில் வைத்து வெண்பாவை முடித்த வரலாறு நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். மோகனும் வெண்பா எழுதுவதில் தணியாத ஆர்வம் உள்ளவர். சொல்லைப் பிளந்து பார்க்கும் கை அவருக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மயிலாப்பூர்ப் பேச்சை மட்டும் எழுதத் தெரிந்தவர் என்று அவரைச் சிலர் ஒதுக்குவதுண்டு. நாடகங்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த மேடையில் எப்போதும் ஒரு மாது, ஒரு சீனு, ஒரு ஜானகி. தம்மை முதன்முதலில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயரைக் கதாநாயகிக்கு வைத்து வந்தது அழகிய நன்றிக்கடன். ஆனால் அந்த ஜானகிகளுக்கு மாதுவுக்குக் கொடுத்த அளவு நல்ல வசனங்களைக் கொடுக்கவில்லை என்பது என் குறை. திரைப்படத்திலோ அவருடைய காது எல்லா ஊர்களுக்கும் போனது. ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையற்காரர் பேசினார். 1995இல் பாலு மகேந்திரா இயக்கிய ‘சதி லீலாவதி’யில் கோவை சரளா கொங்குத் தமிழில் விளாசினார். 2000இல் வந்த ‘தெனாலி’யில் ஈழத்தமிழ்; அந்தப் பேச்சுக்குக் கமல்ஹாசனுக்குத் துணை நின்றவர் இலங்கை வானொலியால் நாமெல்லாம் அறிந்த பி.எச். அப்துல் ஹமீத் அவர்கள். எங்கள் தென்னார்க்காட்டுத் தமிழை மட்டும் ஏனோ எவரும் கண்டுகொள்வதில்லை!

1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’யையும் குறிப்பிட்டாக வேண்டும். அதில் நாசர் ஏற்ற பாஷா என்னும் முஸ்லிம் பாத்திரம், ஓர் ஐயர் வீட்டில் வாய் பேசாத சமையற்காரராக வேடமிட்டு வேலை பார்க்கும். நம்மவர் பெயருடன் திரையில் வருவோர் கடத்தல்காரராகவும் குண்டு வைப்பவராகவும் காட்டப்பட்ட அந்தப் பத்தாண்டில், ஆள்மாறாட்டத்தில் மாட்டிக்கொண்டு விழிக்கும் ஒரு சாதாரண மனிதராக, எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் ஒருவராக அவர் வந்தார். அப்படம் அடுத்த ஆண்டே ‘சாச்சி 420’ என்று இந்திக்குப் போனபோது குல்சார் வசனம் எழுதினார். கதையைக் கொண்டு போகலாம். சொல்விளையாட்டைக் கொண்டு போக முடியாது.

தொலைக்காட்சிக்கு வருவோம். ஜெயா தொலைக்காட்சியில் ‘விடாது சிரிப்பு’ ஒளிபரப்பான காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் வசனத்துக்கு நாங்கள் சிரிக்கும் சத்தத்தில் அடுத்த இரண்டு வசனங்கள் காதில் விழாது. காது மந்தமான எங்கள் நன்னி, “என்ன சொன்னான்? என்ன சொன்னான்?” என்று கேட்க, அத்தா விளக்கத் தொடங்க, அதற்குள் இன்னும் நான்கு போயிருக்கும். மேடையில் இந்தச் சிக்கல் இல்லை. மக்கள் சிரித்து ஓயும்வரை நடிகர் ஒரு நொடி காத்திருப்பார். தொலைக்காட்சிக்கு நம் வரவேற்பறை தெரியாதே. நன்னி கடைசியில் வசனத்தை விட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டார்.

நடிகராக அவர் தமக்கு எடுத்துக்கொண்ட இடம் வியப்புக்குரியது. எழுதுபவர் தாமே என்றாலும் கதாநாயகன் மாதுவாகத் தம்பி பாலாஜியையே நிறுத்தினார். திரையில் தலைகாட்டியதும் சிறு பாத்திரங்களில்தான். 2004இல் வந்த ‘வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.’ படத்தின் மருத்துவர் வேடத்தைத் தாங்கள் பார்த்திருக்கலாம். 2008இல் அரங்கேறிய ‘சாக்லேட் கிருஷ்ணா’ நாடகத்தில்தான் கிருஷ்ணர் வேடத்தைத் தாமே ஏற்றார். அந்த நாடகம் பல நூறு முறை மேடையேறியது.

2019ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் மாரடைப்பால் அவர் சென்னையில் காலமானார். வயது 66. செய்தி வந்தபோது நான் கச்சிராயபாளையத்தில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியில் அஞ்சலியாக அவருடைய பழைய காட்சிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். துக்கச் செய்தி என்று அமைதியாக உட்கார்ந்திருந்த அந்த வீட்டார், இரண்டாம் நிமிடத்திலேயே தம்மை மறந்து சிரிக்கத் தொடங்கினர். பின்னர் ஒருவரையொருவர் பார்த்துச் சங்கடத்துடன் வாயைப் பொத்திக்கொண்டனர். மீண்டும் சிரித்தனர்.

பாலாஜியும் குழுவினரும் நாடகங்களை நிறுத்திவிடவில்லை. கிருஷ்ணர் வேடத்தை இப்போது வேறொருவர் போடுகிறார்.