வன்மையும் செறிவும்

இரசாயனம் பயிலும் மாணவர் பலர், மூலமொன்றின் வன்மையையும் செறிவையும் ஒன்றெனக் கொண்டு இடர்ப்படுதலை நாம் வகுப்பிற் கண்டுள்ளோம். செறிவாவது கரைசலிற் கலந்த பொருளின் அளவு. வன்மையாவது அப்பொருள் நீரில் ஐதரொட்சைட்டு அயனைத் தோற்றுவிக்கும் இயல்பு. சோடியமைதரொட்சைட்டு முற்றாகப் பிரிதலின் வன்மூலமாம். அமோனியாவோ, 0.1 மோலர்க் கரைசலில், நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 பங்கே அயனாதலின் மென்மூலமாம்.

இவ்வியல்பை அளந்து காட்டுவது கூட்டற்பிரிகை மாறிலி. 25 பாகை சதமவளவையில் அமோனியாவுக்கு அது ஏறத்தாழ 0.000018, மெதயிலமீனுக்கு 0.00044. ஆகவே பின்னையதே வன்மை மிக்கது. நீர் சேர்ப்பின் செறிவு குறையும். வெப்பநிலை மாறாதவரை மாறிலி மாறாது.

எனினும், மென்மூலமென்றெண்ணிச் செறிந்த அமோனியாப் போத்தலை முகர்தல் ஆகாது. அது கண்ணையும் மூச்சுக் குழலையும் ஊறுபடுத்தும். பெயரின் மென்மையை நம்பற்க. செறிவையும் நோக்குக, மாணவர்காள்!